இருபது பலக் கட்டி

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், பிச்சைக்கனி அண்ணாச்சியின் பழைய உலோகக் கடையில் என் அம்மா கோமதியம்மாள் பதினேழு வருடமாக வெண்கலம் பிரிக்கிறாள். இந்த மாதிரிக் கடையை இங்கே ஆக்ரிக்கடை என்பார்கள். சாக்குச் சாக்காக வந்து விழும் விளக்குத் தண்டு, உடைந்த உருளி, குழாய்த் திருகு, கதவுக் கொண்டி எல்லாவற்றையும் செம்பு, பித்தளை, வெண்கலம் என்று தனித்தனிக் குவியலாக்க வேண்டும். மற்ற பெண்கள் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து உள்நிறம் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அரம் தேவையில்லை. சிமெண்டுத் தரையில் லேசாகத் தட்டுவாள். சத்தம் நீண்டு ஒலித்து அடங்கினால் வெண்கலம்.

அதில் பழைய எடைக்கல் ஏதாவது இருந்தால் அது அம்மாவின் மடிக்குப் போய்விடும். எடைக்கல்லை இந்த ஊரில் கட்டி என்று சொல்வார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். எடுத்துக்கொள்ளும் கட்டிக்குச் சமமான கனத்தில் வேறு வெண்கலத்தைக் கடைக் குவியலில் போட்டுவிட வேண்டும் என்பது அண்ணாச்சியோடு ஏற்பாடு.

"உங்க மடியில ஒரு தராசு மட்டும்தான் இல்ல, கோமதியம்மா. அதையும் வச்சா எதுத்தாப்புல கடையே போட்டுரலாம்" என்பார் அண்ணாச்சி.

"போட்டா உங்க யாவாரம் படுத்துரும். பாவம்னு விட்டு வச்சிருக்கேன்" என்பாள் அம்மா.

இதுவரை நாற்பத்து மூன்று சேர்ந்திருக்கின்றன. கரமனையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், கட்டிலுக்கு அடியில், குக்கர் வாங்கிய அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. சிலது நூறு வருடத்துப் பழசு, சிலது அதைவிட எத்தனையோ மடங்கு பழசு. பார்த்த மாத்திரத்தில் கட்டி என்று சொல்லிவிட முடியாது. விளக்கின் அடிப்பாகமும் ஊஞ்சல் சங்கிலியின் குமிழும் அதே உருவத்தில் வரும். அம்மா விரலால் தடவுவாள். தினமும் எடுத்து வைத்த கட்டியில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் படுகிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். அடி முழுக்கத் தேய்ந்திருக்கும். விளக்குக் காலை யாரும் அப்படி இரண்டு விரலால் தூக்குவதில்லை. பிறகு பச்சைக் களிம்பை ஈரத்துணியால் துடைப்பாள். துணியில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது போன வருடம் வார்த்து, உப்பிலும் சாணியிலும் புதைத்து எடுத்த போலி. கடைசியாக நிறுப்பாள். ஒரு பலம் என்றால் ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம். இரண்டு, ஐந்து, பத்து என்று அந்த வரிசையில் எங்காவது போய் உட்கார்ந்தால்தான் அது கட்டி.

இவ்வளவும் தெரிந்துகொண்டது ஒரே ஒரு கட்டிக்காக. என் அப்பாவின் இருபது பலக் கட்டிக்காக. அது கிடைத்தால் அப்பா திருடரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அப்பா செல்வகணேஷ் சங்கரன்கோவில்காரர். கல்யாணத்துக்கு முன்பே இந்த மலையாள ஊருக்கு வந்துவிட்டார். வரும்போது தன் தாத்தாவின் ஆறு வெண்கலக் கட்டிகளைக் கொண்டு வந்தார். ஒன்று, இரண்டு, இன்னொரு இரண்டு, ஐந்து, பத்து, இருபது பலம். வித்துரா, கல்லாறு பக்கம் போய், மலையிலிருந்து தேன்மெழுகும் குங்கிலியமும் கஸ்தூரி மஞ்சளும் எடுத்து வருகிறவர்களிடம் வாங்கி, சாலைக் கடைத்தெருவில் இருந்த மருந்துச் சாமான் கடைகளுக்குக் கொடுப்பார். கிலோக்கல் வந்து எத்தனையோ காலம் ஆகியும், மெழுகெடுக்கிற வயதானவர்கள் பலக் கணக்கையே நம்பினார்கள். சட்டப்படி கூடாதுதான். அவர்கள் கேட்டார்கள், அப்பாவிடம் இருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், ஒரு சந்தை நாள். வித்துராவில் மெழுகு விற்க வந்த கல்லாற்றுக்காரர் ஒருவர், தன் மெழுகு ஒவ்வொரு தடவையும் குறைகிறது என்று சொல்லி, ஒரு காரியம் செய்யச் சொன்னார். சின்னக் கட்டி ஐந்தையும் ஒரு தட்டில் வை, பெரியதை மறு தட்டில் வை. ஒன்றும் இரண்டும் இரண்டும் ஐந்தும் பத்தும் இருபது. தட்டு இரண்டும் நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை. பெரிய கட்டி இருந்த தட்டு கீழே இறங்கியது. வாங்குகிறவனின் கட்டி கனத்தால் யாருக்கு நஷ்டம் என்று சந்தையில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தராசு நொறுங்கியது. சின்னக் கட்டிகள் எங்கெங்கோ பறந்தன. அப்பா பெரியதை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை. உதடு கிழிந்திருந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

"சத்தியமா நான் ஒண்ணும் செய்யல, கோமதி" என்று சொன்னார். மறுநாளும் சொன்னார். கேட்காதபோதும் சொன்னார். அம்மா பாதி நம்பினாள். பத்து நாள் கழித்து, காலையில் கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார்.

"கட்டி எங்க?"

"ஆத்துல போட்டுட்டேன்."

அதற்குப் பிறகு அவர் "நான் செய்யல" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தப்புச் செய்தவர் தடயத்தை ஆற்றில் போட்டுவிட்டார் என்று அம்மா முடிவு செய்தாள். அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், பேச மாட்டாள். ஏதாவது சொல்லவேண்டி வந்தால் என் மூலமாகச் சொல்வாள். "அப்பாகிட்ட கேஸ் தீந்துட்டுன்னு சொல்லுட்டி." அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கப் போனார். இரண்டு வருடம் கழித்து, மூட்டையோடு கீழே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசிவரை அம்மா பேசவில்லை.

அவர் போன மூன்றாம் மாதம் அம்மா ஆக்ரிக்கடையில் சேர்ந்தாள். ஆற்றில் போட்டது மணல் அள்ளுகிறவர் கையிலாவது, குளிக்கிறவர் காலிலாவது ஒருநாள் தட்டும். தட்டினால் ஆக்ரிக்குத்தான் வரும். காலையில் போனவர் சாயங்காலம் வந்ததால் அது வித்துரா பக்கத்து ஆறுதான் என்று அவளுக்கு ஒரு கணக்கு. வித்துரா பக்கத்துச் சாக்கு வந்தால் அதை முதலில் அவிழ்ப்பது அவள்தான். அவர் நல்லவர் என்று காட்டத்தான் இவ்வளவும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயதில் ஊரைவிட்டுக் கிளம்பினேன். மணாலியில் விடுதி வேலை, கோவாவில் சமையலறை, பிறகு கப்பல், பிறகு எங்கெங்கோ. ஏழு வருடத்தில் பத்து தடவை போன் நம்பர் மாற்றினேன். இந்த வைகாசியில் திரும்பி வந்தபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, "எத்தன நாளைக்கு?"

எனக்கும் தெரியவில்லை. அதனால் அவளோடு கடைக்குப் போகத் தொடங்கினேன்.

ஒரு சனிக்கிழமை சுந்தரராமன் சார் வந்தார். கரமனை அக்ரகாரத்துக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், எடைக்கல் சேர்ப்பவர். பூதக்கண்ணாடியோடு வருவார். வாங்கிய கட்டி அசல்தானா என்று அம்மாவிடம்தான் காட்டிக் கேட்பார்.

"கோமதி, இதைக் கொஞ்சம் பாரும்மா. எர்ணாகுளத்திலே ஒருத்தன் தலையிலே கட்டிட்டான். நானூறு வருஷங்கறான்."

அம்மா ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துத் துணியைக் காட்டினாள். பச்சை.

"நானூறு நாளுகூட ஆகல சார்."

"அடப்பாவி! ஆத்துக்காரி கேட்டா என்ன பதில் சொல்றது?"

"பேப்பர் பறக்காம இருக்க வாங்கினேன்னு சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அம்மா சிரிக்கவில்லை.

"இவருதான் அதைச் சொன்னாரு" என்றாள்.

"எதை?"

நான் கிளம்பிப் போன வருடம் நடந்ததாம். சார் ஒரு பழைய கட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். அடியில் ஒரு குழி. ஓட்டையாக இருக்கிறதே, யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் தலையாட்டினாராம். "இது ஓட்டை இல்லேம்மா. வார்த்தப்புறம் கனம் ஜாஸ்தியா இருந்தா, அடியிலே குடைஞ்சு எடுத்துச் சரியா நிறுத்திடுவா. இந்தக் குழிதான் இதோட நேர்மை."

அம்மா இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் ஒரு உருளித் துண்டைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணமாகி மொத ஆயுத பூஜை, சுஜா. கட்டியெல்லாம் புளி போட்டுத் தேய்ச்சேன். பெருசுக்கு அடியில பெருவிரல் நுழையற மாதிரி ஒரு ஓட்டை. அழுக்கும் புளியும் போய் அடைஞ்சுக்குது. அந்நேரம் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவன் தெருவுல வந்தான். நாலு பாத்திரத்தோட இதையும் குடுத்து, 'இந்த ஓட்டைய அடைச்சுக் குடு'ன்னேன். காரீயத்தை உருக்கி ஊத்தி, மேல தட்டி, கரி தேய்ச்சுக் குடுத்தான். ஓட்டப் பானைய அடைக்கற மாதிரிதான் நெனச்சேன். உங்கப்பாகிட்ட சொல்லக்கூட இல்ல. சொல்ற மாதிரி ஒரு வேலையா அது? பொங்கலுக்குள்ள நானே மறந்துட்டேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"அப்போ..."

"அவுக யாவாரம் செஞ்ச அத்தன வருசத்துல அந்த ஈயம் எப்பவாச்சும் கழண்டு விழுந்திருக்கலாம்லா? விழுந்திருந்தா, தட்டு எறங்குனது அவுக செஞ்ச வேற ஏதோ வேலையால. விழாம இருந்தா..."

உருளித் துண்டைக் குவியலில் போட்டாள்.

"ஏழு வருசமா இதத்தான் தேடுதேன். ஈயம் இருந்தா நான். இல்லன்னா அவுக. எத வேண்டிக்கிறதுன்னே தெரியலட்டி. சாமி முன்னாடி போய்ச் சும்மா நின்னுட்டு வாரேன்."

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை வித்துரா சாக்கு ஒன்று வந்தது. நான் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா அவிழ்த்துக் கொட்டினாள். அலுமினியச் சட்டி, குழாய், உடைந்த மின்விசிறி. அவற்றுக்கு நடுவே, கவிழ்த்த கிண்ணம் போல, தலையில் குமிழோடு ஒன்று உருண்டு வந்து நின்றது. அவள் தட்டிப் பார்க்கவில்லை, தடவிப் பார்க்கவில்லை. குமிழுக்குக் கீழே மூன்று புள்ளியும் ஒரு கோடும் வெட்டியிருந்தன. அப்பாவின் தாத்தா வெட்டிய அடையாளம்.

அவள் அதைக் கவிழ்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். பிறகு அவளே கவிழ்த்தாள்.

அடியில் பெருவிரல் அகலத்துக்கு வட்டமாகக் காரீயம். ஓரத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. நன்றாகத்தான் அடைத்திருந்தான்.

"கெடச்சிட்டா? அடேங்கப்பா!" என்று கல்லாவிலிருந்து எழுந்து வந்தார் அண்ணாச்சி. "பாயசம் எங்க, கோமதியம்மா?" அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தானே கட்டியை வாங்கி மின்தராசில் வைத்தார். இருபது பலத்துக்கு எழுநூறு கிராம் காட்ட வேண்டும். எழுநூற்று முப்பத்தொன்று காட்டியது.

"முப்பத்தொண்ணு கிராம்" என்றாள் அம்மா. ஒரு அரைநெல்லிக்காய் அளவு ஈயம்.

அண்ணாச்சி சாக்குக் கொண்டுவந்த ஆளுக்கு போன் போட்டார். கல்லாற்றில் சாயாக்கடை வைத்திருக்கும் அஜிதா என்ற பெண் கொடுத்த சாமானாம். வீட்டைப் பிரித்துக் கட்டுகிறாளாம்.

"ஆத்துல கெடச்சுதாமா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆத்துலயா? வீட்டுப் பரண்ல இருந்துச்சாம்."

மறுநாள் காலை தம்பானூரில் பஸ் ஏறினோம். கட்டி அம்மாவின் மடியில் துணிப்பையில் இருந்தது. நெடுமங்காடு தாண்டும் வரை அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிறகு, "போய்ச் சொல்லிரணும். அவுக மேல தப்பில்லன்னு அந்தச் சந்தையில ஒருத்தருக்காவது தெரியணும்" என்றாள். அது அவள் எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

அஜிதாவின் கடை ஆற்றோரம், பொன்முடிக்குப் போகிற வண்டிகள் நிற்கிற இடத்தில். கண்ணாடி ஜாடிகளில் உப்பில் ஊறிய நெல்லிக்காயும் மாங்காயும். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"இரிக்கி அம்மா, சாயா எடுக்கட்டா? மோள்க்கு பழம்பொரி வேணோ?"

அம்மா பையைப் பிரித்துக் கட்டியை மேசைமேல் வைத்தாள்.

"அய்யோ, இது நம்மட பரண்ல கிடந்த சாதனமல்லே! ஆக்ரிக்காரன் அதுக்குள்ள திருப்பி வித்தாச்சா? கள்ளன்!"

"இது என் வீட்டுக்காரரோட கட்டி" என்றாள் அம்மா.

அஜிதா துணியால் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அம்மாவை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள்.

"மெழுகு வாங்குற பாண்டிக்காரன் அண்ணன். எனக்கு ஓர்மையுண்டு. அன்னைக்கி சந்தையில தராசு வைக்கச் சொன்னது எங்க அச்சன்தான். அச்சன் மரிச்சு அஞ்சு வர்ஷமாச்சு."

"அவுக மேல தப்பில்லம்மா. நான் அதச் சொல்லத்தான்..."

"அவரு வந்திருந்தாரே" என்றாள் அஜிதா. "சண்டை கழிஞ்சு பத்து நாளு இருக்கும். இந்தக் கட்டியும் கொண்டு, நேரா வீட்டுக்கு வந்தாரு. அடிக்க வந்திருக்காருன்னு நெனச்சு அச்சன் வெட்டுகத்தி எடுத்தாச்சு. அவரு கட்டிய கவுத்தி வெச்சு, அடியில இருந்த ஈயத்தைக் காமிச்சாரு. 'நீங்க சொன்னது சரிதான், என் கட்டி கனம்தான்'னு சொன்னாரு."

அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு வச்சதுன்னு கேக்கலையா உங்கப்பா?"

"கேக்காம பின்னே? 'யாருடா இது செய்தது'ன்னு கேட்டாரு. 'நான்தான் வச்சேன்'னு சொன்னாரு. கட்டிய இங்கயே வெச்சிட்டாரு. இது இனி என் வீட்டுல இருக்க வேண்டாம்னு சொன்னாரு. அச்சனுக்குப் பின்ன ஒரு மாதிரி ஆயிப்போச்சு. கள்ளன் தானே வந்து சொல்லுவானா? சோறு உண்டுட்டுப் போகச் சொன்னாரு. 'வேண்டாம், வீட்டுல அவ வச்சுக்கிட்டுக் காத்திருப்பா'ன்னு சொல்லி எறங்கிப் போயிட்டாரு."

வெளியே ஒரு வேன் வந்து நின்றது. யாரோ நாலு சாயா கேட்டார்கள். அஜிதா எழுந்தாள்.

"அவுக வைக்கல" என்றாள் அம்மா. குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "நான்தான் அடைச்சேன். தெரியாம அடைச்சேன். அவுக பொய் சொல்லியிருக்காக."

வேனில் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அஜிதா நின்று, அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

"போகட்டே அம்மா. எத்தற வர்ஷமாச்சு! இங்க ஆருக்கும் அது ஓர்மைகூட இல்ல. அந்தச் சந்தைக்காரங்க பாதிப் பேரு செத்தும் போயாச்சு."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அப்பா தலை குனிந்து நடந்த இரண்டு வருடமும், வித்துராவில் ஒருவருக்கும் அவர் நினைவு இருந்திருக்காது. அந்தத் தண்டனையைக் கொடுத்துக்கொண்டிருந்தது எங்கள் ஒற்றை அறை மட்டும்தான்.

சாயாவுக்கு அஜிதா காசு வாங்கவில்லை. அம்மா கட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். நான்தான் எடுத்துப் பையில் போட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வித்துரா சந்தை வந்து, போனது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அன்னைக்கு அவரைக்காய்க் கூட்டு வச்சிருந்தேன்" என்றாள். "கட்டி எங்கன்னு கேட்டேன். ஆத்துலன்னாக. தட்டத்த வச்சிட்டு எந்திரிச்சுட்டேன்."



நெடுமங்காடு தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, சண்டைய முடிக்கணும்னுதான் அப்படிச் சொல்லியிருப்பாக. யாரு வச்சதுன்னு அவுகளுக்கே தெரிஞ்சிருக்காது. என்ன?"

சந்தைச் சண்டைக்குப் பின் வந்த அந்தப் பத்து நாளில் கடைசி நாள் காலை. நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னக் காத்திருந்தேன். அப்பா பின்வாசல் படியில் கட்டியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா சற்றுத் தள்ளி, கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "பாப்பா, நம்ம வீட்டுல ஈயம் பூசறவன்கிட்ட யாரு சாமான் குடுப்பா?" என்று கேட்டார். "அம்மாதான்" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அம்மா கடைசித் துணியை உதறிப் போடும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டார்.

"தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன்.

"எப்படித் தெரியும்? நான்தான் சொல்லவே இல்லியே" என்றாள் அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பானூர் வரும்வரை விடவில்லை.